மகள்களின் வழியே லூயி எபேர்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

கனடாவின் கியூபெக்கில் 'எபேர்' என்பது பரவலான குடும்பப்பெயர். அந்தப் பெயரோடு வேர் தேடத் தொடங்குபவர் மனத்தில் முதலில் வருபவர் லூயி எபேர். 1617-இல் மனைவி மரி ரொலேயையும் மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கியூபெக்கில் குடியேறி, நிலத்தைத் திருத்திப் பயிர்செய்த பிரெஞ்சுக்காரர். பெயர் ஒன்றாக இருக்கிறது, ஆகவே நாமும் அவர் வம்சம் என்று மனம் முடிச்சுப் போட்டுவிடும். இன்று நான் பேச வந்தது அந்த முடிச்சைப் பற்றித்தான்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்வோம். லூயி பாரிஸ் நகரத்து மருந்துக் கடைக்காரர். அப்பாவுக்கும் அதே தொழில். 1606-இலேயே, இன்றைய கனடாவின் கிழக்குக் கரையில் பிரெஞ்சுக்காரர்கள் குடியேறிய அக்காடியாவின் போர்ட் ருவாயலுக்குப் போய், அந்த மண்ணில் பயிர்வைத்துப் பார்த்தவர். பிறகு கியூபெக்குக்கு வரச்சொல்லி ஆண்டுக்கு 600 லீவர், அதாவது அன்றைய பிரெஞ்சுப் பணம், தருவதாகப் பேச்சு. அதை நம்பி இருந்ததை விற்றுவிட்டு ஒன்ஃப்ளர் துறைமுகத்துக்கு வந்தால், வணிகக் கம்பெனி 300 தான் என்று கைவிரித்தது. திரும்பிப் போக வீடில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டுக் கப்பலேறினார். ஏர்கூட இல்லாமல் கைக்கருவிகளாலேயே காட்டைத் திருத்தினார். 1627 ஜனவரியில் பனியில் வழுக்கி விழுந்து இறந்துபோனார். அவர் நிலத்தில் முதன்முதலாக ஏர் பூட்டியது மறுவருஷம் ஏப்ரலில், மருமகன் கியோம் கூயார் காலத்தில்.

இவர் வம்சத்தை எப்படித் தேடுவது? பாரிஸில் தேடினால் சாம்பல்தான் மிஞ்சும். 1871 கலவரத்தில் அந்நகரத்தின் பழைய பிறப்பு, திருமணப் பதிவேடுகள் மூலமும் நகலும் சேர்ந்தே எரிந்தன. நோட்டரிகள் எழுதிவைத்த பத்திரங்கள் தப்பியதால்தான் லூயியின் பாரிஸ் வாழ்க்கை கொஞ்சமாவது நமக்குத் தெரிகிறது. கியூபெக்கிலும் தீ விடவில்லை. 1640-இல் தேவாலயம் எரிந்தபோது பதிவேடுகளும் போயின. பாதிரிமார் ஊராரின் நினைவிலிருந்து அவற்றைத் திரும்ப எழுதினார்கள். ஆகவே 1621 முதலான அந்தப் பக்கங்களைப் புரட்டும்போது நாம் படிப்பது, ஊர் ஞாபகம் வைத்திருந்த கல்யாணங்களையும் சாவுகளையும்.

இப்போது பிள்ளைகளுக்கு வருவோம். மூத்தவள் ஆன், 1618-இல் மணமாகி அடுத்த வருஷமே பிரசவத்தில் இறந்தாள். மகன் கியோம் 1639-இல் இறந்தார். அவருடைய மகன் ஜோசப் 1661-இல் இரொக்வா என்ற பூர்வகுடி மக்களிடம் சிறைப்பட்டுக் கொல்லப்பட்டார். ஜோசப்பின் ஒரே ஆண்குழந்தையும் வளரவில்லை. அவ்வளவுதான், லூயியின் ஆண்வழி அங்கே அறுந்துவிட்டது. இன்றைய எபேர்கள் பெரும்பாலும் அக்காடியாவில் குடியேறிய அந்துவான், எத்தியேன் என்ற சகோதரர்களின் வழியிலோ, வேறு எபேர்களின் வழியிலோ வந்தவர்கள்.

அப்படியானால் லூயிக்கு வாரிசே இல்லையா? ஏன் இல்லை! இரண்டாவது மகள் கியமெத் 1621-இல் கூயாரை மணந்து பத்துப் பிள்ளைகள் பெற்றாள். அவள் மகள் மார்கரித் 1637-இல் கைப்பிடித்தது, மேற்கே பெரிய ஏரிகள்வரை பயணம் போன ழான் நிக்கொலேயை. மிசிசிப்பி ஆற்றை ஆராய்ந்த லூயி ழொலியே மணந்தது கியமெத்தின் பேத்தியை. மகன் கியோமின் மகள் பிரான்சுவாஸ் வழியிலும் குடும்பம் பெருகியது. லூயியின் ரத்தம் கூயார், ஃபூர்னியே என்று வேறு பெயர்களுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க முடிவதற்குக் காரணம் ஒரு நல்ல வழக்கம். கியூபெக் பதிவேடுகளில் பெண்ணுக்கு மணமான பிறகும் பிறந்தவீட்டுப் பெயர்தான். திருமணப் பதிவில் பெரும்பாலும் இருவரின் தாய் தந்தை பெயரும் இருக்கும். ஒரு கல்யாணத்தைப் பிடித்தால் அதற்கு முந்தைய இரண்டு கல்யாணங்கள் கைக்கு வரும். அப்பா பெயரின் முதலெழுத்தை மட்டும் தாங்கி நடக்கும் நம்மவர்களுக்கு, நாலு தலைமுறைக்கு முந்தைய பாட்டியின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கு அந்தப் பக்கங்களைப் பார்த்தால் ஏக்கமாக இருக்கும். மொன்றியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1966 முதல் இந்தப் பதிவுகளைக் கணினியில் கோத்து வருகிறார்கள். தேடுபவர் தம் பெற்றோரின் திருமணத்தில் தொடங்கிப் பின்னோக்கி நடக்க வேண்டும். லூயியில் தொடங்கி முன்னோக்கி வந்தால், வேண்டிய பெயரை நாமே வரவழைத்துக்கொள்வோம்.

போகிற வழியில் இன்னொருவரையும் சந்திப்பீர்கள். கூயார் வீட்டில் ஒலிவியே லெ ழன் என்றொருவர் இருந்தார். ஆப்பிரிக்கப் பகுதியிலிருந்து சிறுவனாகக் கொண்டுவரப்பட்டு விற்கப்பட்டவர். 1654-இல் அவரை அடக்கம் செய்த பதிவில் 'வேலைக்காரர்' என்று எழுதியிருக்கிறது. அவருக்குத் தாய் தந்தை யார் என்று அந்த ஏட்டில் இல்லை. லூயி எபேரின் குடும்பக் கதையை எழுதுகிறவர்கள் அந்த வீட்டு ஆட்களின் வரிசையில் ஒலிவியேயின் பெயரையும் எழுதுங்கள்.

வணக்கம்.