இரவிகுளம், தேக்கடி: மதுரையிலிருந்து நான்கு நாள் திட்டம்

வணக்கம். மதுரையிலிருந்து பேசுகிறேன். இந்த விடுமுறைக்கு எங்கள் வீட்டில் இரண்டு தேசியப் பூங்காக்கள் முடிவாகியிருக்கின்றன. மூணாறு பக்கம் இரவிகுளம், குமுளி பக்கம் தேக்கடியில் இருக்கிற பெரியாறு. நாள்வாரியாக எப்படிப் பிரித்திருக்கிறேன் என்பதை இந்தத் தாளை வைத்தே சொல்கிறேன். காட்டுக்குப் போகும் பயணத்தில் நேரத்தை முடிவு செய்வது விலங்குகள்தான். அவை எப்போது வெளியே வரும், வனத்துறை எப்போது உள்ளே விடும், இந்த இரண்டையும் முதலில் எழுதிவிட வேண்டும். நம் சாப்பாடு, தூக்கம், கடைத்தெரு எல்லாம் மிச்சமிருக்கும் இடத்தில்.

முதலில் மாதம். பிப்ரவரி, மார்ச்சில் வரையாடுகள் குட்டி போடும் பருவம். அப்போது இரவிகுளத்தைப் பார்வையாளர்களுக்கு மூடிவிடுவார்கள். எந்தத் தேதியில் மூடுகிறார்கள், திறக்கிறார்கள் என்பதை ஒவ்வோர் ஆண்டும் வனத்துறை அறிவிக்கும். கார்த்திகை பிறந்ததிலிருந்து மகரவிளக்கு வரை குமுளிப் பாதை ஐயப்ப பக்தர்களுக்கு உரியது. நெரிசலைக் குறைக்க, சபரிமலைக்குப் போகிற வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிடுவார்கள். அந்தக் கூட்டத்தில் சிறு பிள்ளைகளோடு மாட்டிக்கொள்ள வேண்டாம். ஆனி, ஆடியில் போனால் மழையும் அட்டைக்கடியும். இவற்றையெல்லாம் அடித்துவிட்டுப் பார்த்தேன், ஏப்ரல் முன்பாதி பளிச்சென்று தெரிந்தது. இரவிகுளம் திறந்த புதிது, தாயோடு குட்டிகளைப் பார்க்கலாம். பெரியாறு ஏரியில் தண்ணீர் இறங்கி, கரையில் புல்வெளி விரிந்திருக்கும், விலங்குகள் தண்ணீர் குடிக்க அங்கே வரும். மதுரைக்காரர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அழகர் ஆற்றில் இறங்கும் தேதியைப் பார்த்துவிட்டு, அதற்குள் ஊர் திரும்புகிற மாதிரிதான் நாள் குறிக்க வேண்டும்.

முதல் நாள். விடியற்காலையில் கிளம்பி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி கணவாய் தாண்டித் தேனியில் காலைச் சாப்பாடு. வண்டி இல்லாதவர்களுக்கு ஆரப்பாளையத்திலிருந்து பஸ் இருக்கிறது, 2023 ஜூனிலிருந்து போடி வரை ரயிலும் ஓடுகிறது. போடிமெட்டு மலைச்சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். பகல் வெளிச்சத்தில் ஏறுங்கள். பாதி ஏறியதும் ஓரமாக நிறுத்திப் பிள்ளைகளுக்குக் காற்றாட விட்டால் வாந்தி குறையும். பூப்பாறை வழியாக மூணாறு சேர மதியம் ஆகிவிடும். அன்றைக்கு வேறு எதையும் எழுதாதீர்கள்.

‘போகிற வழிதானே, குரங்கணியில் கொஞ்சம் நடந்துவிட்டுப் போகலாமே’ என்று யாராவது சொல்வார்கள். 2018 மார்ச் 11 அன்று அங்கே பற்றிய காட்டுத் தீ 23 உயிர்களைக் கொண்டுபோனது. வெயில் காலத்தில் காய்ந்த போதைப்புல் என்கிற மலைப்புல் எவ்வளவு வேகமாகப் பற்றும் என்பதைத் தேனிப் பக்கத்தில் கேட்டால் சொல்வார்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் மலையில் கால் வைக்கவே வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இரண்டாம் நாள் முழுவதும் இரவிகுளத்துக்கு. 97 சதுர கிலோமீட்டர் பூங்கா, 1978இல் தேசியப் பூங்கா ஆனது. நமக்குத் திறந்துவிடுவது அதில் ராஜமலைப் பகுதி மட்டும். வாயிலில் நம் வண்டியை நிறுத்திவிட்டு வனத்துறை பஸ்ஸில் ஏற வேண்டும். டிக்கெட்டை இணையத்தில் முன்பே எடுங்கள், கிடைக்கிறவற்றில் மிக முந்தைய நேரத்தை எடுங்கள். காலை பத்து மணிக்கு மேல் மேகம் இறங்கிவிட்டால் எதிரே இருக்கிற ஆனைமுடியே தெரியாமல் போகலாம். தென்னிந்தியாவின் மிக உயரமான சிகரம் அது, 2,695 மீட்டர்.

வரையாடு நம் தமிழ்நாட்டின் மாநில விலங்கு. இங்கே சாலையோரத்திலேயே நின்று மேயும். பார்க்கும்போது கூட்டத்தில் கிடாவைத் தேடுங்கள். இளம் ஆடுகள் சாம்பல் நிறமாக இருக்கும். வயது முதிர்ந்த கிடாவின் உடல் கருத்து, முதுகில் மட்டும் சேணம் போட்டது போல வெளுத்திருக்கும். செங்குத்தான பாறையில் அது இறங்கும்போது குளம்பு எங்கே பதிகிறது என்று கவனியுங்கள், ஒரு விரல் அகல விளிம்பு போதும் அதற்கு. அருகில் வருகிறதே என்று தொடுவதும் தின்னக் கொடுப்பதும் கூடாது. குறிஞ்சிப் பூவைப் பலரும் கேட்கிறார்கள். 2018இல் பூத்தது, அடுத்து 2030இல்தான். மதியத்துக்கு மேல் அறையில் ஓய்வெடுங்கள்.

மூன்றாம் நாள் மூணாற்றிலிருந்து குமுளி. ஏலத் தோட்டங்கள் வழியாக வளைந்து வளைந்து போகும் பாதை, நிறுத்தி நிறுத்திப் போனால் நான்கு மணி நேரம் பிடிக்கும். அன்றைக்கு எந்த டிக்கெட்டும் எடுத்து வைக்காதீர்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே மலைச்சாலையில் ஓட்டுவது ஆபத்து.

நான்காம் நாள்தான் எனக்கு மிகவும் பிடித்த நாள். காலை 7.30 படகு. நம் வண்டியை ஆனவாச்சலில் நிறுத்தி, அங்கிருந்து வனத்துறை பஸ்ஸில் படகுத்துறைக்குப் போக வேண்டும் என்பதால் ஆறு மணிக்கே அங்கே நிற்க வேண்டும். ஏரியின் நடுவே பட்ட மரங்கள் நிற்பதைப் பார்ப்பீர்கள். 1895இல் பென்னிகுயிக் கட்டி முடித்த அணையில் மூழ்கிய காட்டின் மரங்கள் அவை. நீர்க்காகமும் பாம்புத்தாராவும் அவற்றின் உச்சியில் சிறகு விரித்து உலர்த்திக்கொண்டிருக்கும். கரையில் யானை, காட்டுமாடு, மிளா, காட்டுப்பன்றி. புலி தெரியும் என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். எதைக் கண்டாலும் எல்லோரும் ஒரே பக்கம் ஓடக் கூடாது. 2009 செப்டம்பர் 30 அன்று இதே ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். உயிர்காப்பு உடுப்பை வெக்கையாக இருக்கிறதென்று கழற்றாதீர்கள்.

நடக்க முடிந்தவர்கள் இன்னொரு நாள் கூட்டிக்கொண்டு, வனத்துறை நடத்தும் காட்டு நடையில் சேரலாம். மன்னான், பளியர் பழங்குடி மக்கள் வழிகாட்டிகளாக வருவார்கள். முன்பு வேட்டையாடியும் மரம் வெட்டியும் பிழைத்தவர்கள் சிலர் இங்கே காவலர்களாகவும் வழிகாட்டிகளாகவும் மாறியிருக்கிறார்கள். சாணத்தைப் பார்த்தே யானை போன நேரத்தைச் சொல்லும் அறிவு அவர்களுடையது. படகில் காணும் காட்டைவிட இது பத்து மடங்கு மேல் என்பது என் எண்ணம்.

திரும்பும்போது லோயர் கேம்ப்பில் பென்னிகுயிக் மணிமண்டபத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திருப்பிய தண்ணீர் கம்பம் பள்ளத்தாக்கில் வயலுக்குப் பாய்ந்து, வைகை அணைக்கு வந்து, நம் வீட்டுக் குழாயிலும் வருகிறது. பிள்ளைகளுக்கு அதை அங்கேயே வைத்துச் சொல்லுங்கள். பிறகு கம்பத்தில் பன்னீர் திராட்சை வாங்கிக்கொண்டு வீடு திரும்பலாம்.

இரண்டே நாள்தான் விடுப்பு என்கிறவர்கள் மூணாற்றை அடுத்த முறைக்கு வையுங்கள். முதல் நாள் மதியம் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி இரவு குமுளியில் தங்கி, மறுநாள் காலை 7.30 படகைப் பிடித்தால் போதும். படகு டிக்கெட்டை மட்டும் ஊரிலிருந்தே எடுத்துவிடுங்கள்.