பஞ்சி யாருக்கு? பூட்டியிருந்த மோட்டர் கடையும் எங்கள் சூரிச் அத்தானும்

வணக்கம் உறவுகளே. இன்றைக்குச் சமையல் இல்லை, சந்தை இல்லை. அதே முருங்கையடி, அதே சேவல். இடையில் கத்தினால் பொறுத்துக்கொள்ளுங்கோ, வெட்டி எடுக்கிற பொறுமை எனக்கு இன்று இல்லை. கோபத்தில் இருக்கிறேன்.

சூரிச்சில் இருந்து அத்தான் வந்து நிற்கிறார் என்று போன வீடியோவில் சொன்னேன், சொக்லேட் பெட்டியைக்கூடக் காட்டினேன். அந்த அத்தான் நேற்றுச் சாப்பிடும்போது ஒரு தீர்ப்புச் சொன்னார்: "வன்னிச் சனத்துக்குப் பஞ்சி, பிள்ளை. வெளிநாட்டுக் காசு வந்து கெடுத்துப்போட்டுது. சுவிஸ்காரனைப் பார், மணிக்கூடு மாதிரி வேலை செய்வான்." எங்கள் சனம் சோம்பேறிகளாம், மாமி வேறு தலையாட்டுகிறார். எனக்கு வந்த எரிச்சலில் மீன்குழம்பின் உறைப்பே தெரியவில்லை.

இவ்வளவுக்கும் காரணம் எங்கள் கிணற்று மோட்டர். கொயில் எரிந்துவிட்டது. கிளிநொச்சியில் வைண்டிங் செய்கிற கடைக்கு அத்தானே கொண்டுபோனார், சரியாக மத்தியானம் ஒன்றரைக்கு. கடை பூட்டு. பக்கத்துக் கடையில் கேட்டால் "மூன்று மணிக்கு வருவார்" என்கிறார்கள். அத்தானுக்கு ஏறிவிட்டது. மூன்று மணிக்கு நானும் கூடப் போனேன், விலை பேச இவரை நம்ப முடியாது. அந்தச் சேர்ட்டையும் கண்ணாடியையும் கண்டாலே விலை கூடும்.

விலையைக் கேளுங்கோ. முதலில் 9,000 என்றார். "செம்புக் கம்பியோ, அலுமினியமோ?" என்று கேட்டேன். "செம்புதான் தங்கச்சி." "காட்டுங்கோ அண்ணை." ரீலை எடுத்துத் தந்தார். வெளிப்பூச்சைப் பார்த்து ஏமாறக் கூடாது, இரண்டும் ஒரே நிறத்தில் வரும். கத்தி நுனியால் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தேன். உள்ளே வெள்ளையாகத் தெரிந்திருந்தால் எழும்பி வந்திருப்பேன். சிவப்பு, அசல் செம்பு. பேசிப் பேசி 8,000க்குக் கொண்டுவந்தேன். கண்டென்சரும் அதற்குள்! தனியாக வாங்கினால் அது என்ன விலை என்று என்னுடைய பழைய ஆட்களுக்குத் தெரியும், அதற்கென்றே ஒரு வீடியோ போட்டேனே. அத்தான் பக்கத்தில் நின்று "விடு பிள்ளை, ஆயிரம் ரூபாய்தானே" என்கிறார். ஆயிரம் ரூபாய்தானே! அதை உழைக்கிற ஆளிடம் போய்ச் சொல்லட்டும்.

சரி, அந்த அண்ணை வேலை செய்ததைச் சொல்கிறேன். கருகின கம்பியை வெட்டி எறிய முன்னர் எத்தனை சுற்று என்று எண்ணிச் சுவரில் பென்சிலால் எழுதினார். இரும்புக்குள் இருக்கிற ஒவ்வொரு பள்ளத்திலும் காகிதத்தை மடித்து வைத்து, புதுக் கம்பியை இறக்கி, மூங்கில் சீவலால் அழுத்தி, நூலால் கட்டினார். இரவு எட்டரைக்கும் குனிந்த தலை நிமிரவில்லை. கடைசியில் வார்னிஷ் ஊற்றிவிட்டு "நாளைக்குப் பின்னேரம் வாங்கோ" என்றார். அத்தானின் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். வார்னிஷ் காய வேண்டாமா? ஈரத்தோடு கரண்டைக் கொடுத்தால் 8,000 ரூபாயும் புகைந்து போகும்.

ஆக, குற்றம் என்ன? மத்தியானம் கடை பூட்டினது. இந்தச் சோளகக் காற்றும் வெயிலும் அடிக்கிற மாதங்களில் வயலுக்குப் போகிறவர்களைப் பாருங்கோ. விடிய முன்னர் இறங்கி, பதினொன்றுக்குக் கரையேறி, வெயில் சாய்ந்த பிறகு திரும்ப இறங்குவார்கள். அத்தான் எழும்புவது ஒன்பதுக்கு. ரவுண்டு வருவது ஒரு மணிக்கு. வேம்பின் கீழ் படுத்திருக்கிறவர்களைத்தான் அவருக்குத் தெரியும்.

கட்டாரில் இதற்குச் சட்டமே இருக்கிறது. 2021 முதல், ஜூன் 1 தொடக்கம் செப்டெம்பர் 15 வரை, காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை வெளியில் வெயிலில் வேலை செய்விக்கக் கூடாது. துபாய்ப் பக்கமும் ஜூன் 15 முதல் செப்டெம்பர் 15 வரை, 12.30 முதல் 3 மணி வரை அப்படித்தான். முல்லைத்தீவுப் பெடியன் ஒருவன் கட்டாரில் ஒன்றரை மணிக்கு நிழலில் படுத்தால் அது தொழிலாளர் பாதுகாப்பு. அதே பெடியன் ஒட்டுசுட்டானில் படுத்தால் பஞ்சி. நல்ல நியாயம்!

ஓ, முக்கியமானதைச் சொல்லாமல் ஓடுகிறேன். அத்தானுக்கு என்ன வேலை தெரியுமா? ரெஸ்டோரண்ட் குசினி. மத்தியானச் சாப்பாடு முடிந்தால் இரண்டு மணியளவில் விட்டுவிடுவார்கள், திரும்ப ஐந்துக்குப் பிறகு. இடையில் வீட்டுக்குப் போய்ப் படுப்பார், அக்காதான் எனக்குச் சொன்னது. இதை நேற்று மேசையில் கேட்டேன். "அது வேறை" என்றார். என்ன வேறை என்று இன்னும் சொல்லவில்லை.

இன்னொன்றையும் பெருமையாகச் சொன்னார்: 2012 மார்ச்சில் சுவிஸில் எல்லோருக்கும் ஆறு கிழமை லீவு கொடுக்கலாமா என்று வாக்கெடுப்பு வைத்தார்கள், மூன்றில் இரண்டு பங்குச் சனம் வேண்டாம் என்று போட்டது. உண்மைதான், நடந்தது. ஆனால் அவர்களுக்குச் சட்டப்படி நாலு கிழமை சம்பளத்தோடு லீவு ஏற்கெனவே இருக்கிறது. கூட்டினால் வேலை போய்விடும் என்ற பயமும் இருந்தது. எங்கள் ஊரில் வரம்பு கட்டப் போகிறவருக்கு லீவு என்றால் அன்றைக்குக் காசு இல்லை. அவரிடம் வாக்கெடுப்பு வைத்துப் பாருங்கோ.

கொமெண்டில் கொரியாவுக்கு வேலைக்குப் போகப் பரீட்சை எடுக்கிற தம்பிமார் நிறையப் பேர் இருக்கிறீர்கள், உங்களுக்காக இது. கொரியாவில் 2018இல் வாரத்துக்கு 52 மணித்தியாலம் என்று வரையறுத்தார்கள், 40 வேலை, 12 ஓவர்டைம். 2023இல் அதை 69 வரை கூட்டப் பார்த்தபோது இளம் ஆட்கள் போட்ட சத்தத்தில் அரசாங்கம் பின்வாங்கியது. ஜப்பானிலும் 2019 முதல் ஓவர்டைமுக்குக் கட்டுப்பாடு, பொதுவாக மாதம் 45, வருடம் 360 மணித்தியாலம். வேலை செய்தே சாகிற ஆட்களை வைத்துக்கொண்டு வேறு என்ன செய்வது. அந்த நாடுகளைத்தான் நாங்கள் பிள்ளைகளுக்கு உதாரணம் காட்டுகிறோம். எங்கள் அரசாங்கம் 2022 ஜூனில் என்ன செய்தது, ஞாபகமா? அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு, வீட்டில் தோட்டம் செய்யச் சொல்லி. எத்தனை பேர் கத்தரி நட்டார்கள் என்று கேட்க மாட்டேன்.

அத்தான் சொன்னதில் ஒரு துண்டு சரி. வெளிநாடு அனுப்புகிற ஏஜென்சிக்குக் கட்டக் காசு வரும் என்று போனும் கையுமாக மதகில் இருக்கிற பெடியள் எங்கள் ஊரிலும் உண்டு. ஆனால் அதே பெடியன் பாரிஸில் போய் விடிய விடியப் பாத்திரம் கழுவுகிறான். வேலைக்குப் பயந்தவன் அதைச் செய்வானா? இங்கே கழுவினால் அந்தக் காசும் இல்லை, பெண் கொடுக்க ஆளும் இல்லை.

இதில் எனக்கு மாமியோடுதான் கூடக் கோபம். கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில மேய்க்கோணும் என்கிற ஆள், அரசாங்க வேலைதான் அவருக்கு வேலை. அதற்குக் காரணம் உண்டு, பென்ஷன். தனியார் வேலையில் ஈபிஎஃப் என்கிற சேமலாப நிதிதான், சம்பளத்தில் நாங்கள் 8 சதவீதம், முதலாளி 12. நாட்கூலிக்குப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் அதுவும் கிடைக்காது. அதனால் அரசாங்க வேலை கேட்பதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் விடிய ஏ9 ரோட்டில் கார்மெண்ட்ஸ் பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளைகளைக் காட்டி "அதுகள்" என்கிறாரே, அதைப் பொறுக்க மாட்டேன். கலியாணப் பேச்சு வந்தால் "கார்மெண்ட்ஸோ?" என்று முகத்தைச் சுளிக்கிறது. அந்தப் பிள்ளைகளின் சம்பளத்தில் தம்பி படிக்கிறான், வீட்டுக்கு ஓடு ஏறுகிறது. அவர்களையும் பஞ்சி என்றுதானா சொல்வது, அத்தான்?

மோட்டர் இன்று பின்னேரம் வந்தது, ஓடுகிறது, சத்தம் குறைவு. கட்டாரிலும் குவைத்திலும் இருந்து பார்க்கிற ஆட்கள் கீழே எழுதுங்கோ: சட்டத்தில் இருக்கிற அந்த நேரம் உங்கள் சைட்டில் உண்மையாக விடுகிறார்களா, இல்லையா? அத்தானுக்கு வாசித்துக் காட்ட வேணும், அவர் ஞாயிறு வரைக்கும்தான் நிற்பார்.