ஆறு ஓட்டு

வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர் பக்கமிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

இங்கிலாந்தில் ரன்கார்ன் அண்ட் ஹெல்ஸ்பி என்று ஒரு நாடாளுமன்றத் தொகுதி இருக்கிறது. 2025 மே 1-ஆம் தேதி அங்கே இடைத்தேர்தல் நடந்தது. ஆளும் லேபர் கட்சி, அதாவது தொழிலாளர் கட்சி, 12,639 ஓட்டு வாங்கியது. நைஜல் ஃபராஜின் ரிஃபார்ம் யூகே கட்சி 12,645 ஓட்டு வாங்கியது. ஆறு ஓட்டில் ஆளுங்கட்சி தோற்றது. முதலில் எண்ணியபோது வித்தியாசம் நான்குதான். மறுபடி எண்ணச் சொல்லி, விடிய விடிய எண்ணியதில் அது ஆறானது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்த நாட்டில் நடந்த இடைத்தேர்தல்களில் இவ்வளவு குறைந்த வித்தியாசத்தில் யாரும் ஜெயித்ததில்லை.

அந்தச் செய்தியை நான் டிவியில் பார்க்கவில்லை. என் அண்ணன் மகள் போன் செய்து சொன்னாள். அவள் வேலூரில் படித்து வளர்ந்த நர்ஸ், இப்போது ரன்கார்னில் இருக்கிறாள். மெர்சி ஆற்றங்கரையில் இருக்கும் ஊர் அது. ரசாயனத் தொழிற்சாலைகளை நம்பி வளர்ந்தது. ஒரு காலத்தில் அங்கே பெரிய பெரிய தோல் பதனிடும் ஆலைகளும் இருந்தன. 1960-களோடு எல்லாம் மூடிவிட்டார்கள். ராணிப்பேட்டையும் வாணியம்பாடியும் பார்த்து வளர்ந்த நமக்கு, தோல் ஆலை மூடிய ஊர் எப்படியிருக்கும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

"சித்தப்பா, ஆறு ஓட்டு" என்றாள். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "நான் போகல சித்தப்பா" என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவளுக்கு அங்கே ஏது ஓட்டு என்று கேட்டேன். இருக்கிறதாம். காமன்வெல்த் நாட்டுக்காரர்கள் முறைப்படி அங்கே குடியிருந்து, பட்டியலில் பெயரையும் சேர்த்துக்கொண்டால் நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுப் போடலாம். வாக்காளர் அட்டை தபாலில் வந்திருக்கிறது. அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள். காலை 7 மணியிலிருந்து இரவு 10 மணி வரை நேரம் உண்டு. ஆனால் முந்தின இரவு டியூட்டி முடித்து வந்து தூங்கிவிட்டாள். எழுந்ததும் மறுபடி டியூட்டிக்கு ஓட வேண்டியிருந்தது. "என் ஒரு ஓட்டுல என்ன ஆகப்போகுதுன்னு நெனச்சேன்" என்றாள்.

இந்தத் தோல்வியை அங்கே எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று அவள் சொன்னதையும், நான் படித்ததையும் சேர்த்துத்தான் இன்று பேசப்போகிறேன்.

தோற்ற பக்கத்தில் முதலில் கணக்குத்தான் ஓடியது. பசுமைக் கட்சிக்கு விழுந்த 2,314 ஓட்டில் ஆறு இங்கே வந்திருந்தால்? பழைய எம்.பி. நடந்துகொண்ட விதம்தான் கெடுத்தது என்றார்கள் சிலர். அது உண்மையும்கூட. முந்தைய லேபர் எம்.பி. மைக் அமெஸ்பரி தெருவில் ஒருவரை அடித்த வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, தண்டனை பெற்று, பதவி விலகினார். இடைத்தேர்தல் வந்ததே அதனால்தான். நடுவில் வரும் தேர்தலில் ஆளுங்கட்சி அடி வாங்குவது அந்த நாட்டில் வழக்கம்தான் என்றும் சொல்லிப் பார்த்தார்கள். நம் ஊரில் இடைத்தேர்தல் என்றாலே ஆளுங்கட்சி என்று பேச்சு. 1973-இல் திண்டுக்கல்லில் எம்.ஜி.ஆர். கட்சி ஜெயித்தது மாதிரி எப்போதாவதுதான் மாறும். அங்கே கதை தலைகீழ். அரசாங்கத்துக்கு ஒரு குட்டு வைப்பதற்கென்றே மக்கள் இடைத்தேர்தலைப் பயன்படுத்துவார்கள்.

இவையெல்லாம் காரணங்கள்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஆறு என்ற எண்ணைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்கள் இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். 2024 ஜூலையில் இதே தொகுதியில் லேபர் கட்சி வாங்கியது 22,358 ஓட்டு. ஜெயித்தது 14,696 ஓட்டு வித்தியாசத்தில். பத்தே மாதத்தில் ஏறக்குறைய 9,700 ஓட்டு போய்விட்டது. ரிஃபார்ம் கட்சிக்குக் கூடியது 5,000-க்குக் கொஞ்சம் குறைவு. மீதிப் பேர் எங்கே போனார்கள்? கொஞ்சம் பேர் வேறு கட்சிகளுக்குப் போயிருப்பார்கள். நிறையப் பேர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். நூற்றுக்கு 46 பேர்தான் அன்று ஓட்டுப் போட்டார்கள். என் மகள் மாதிரி இருக்கிற இந்தப் பெண்ணும் வீட்டில் இருந்தவள்தான். அவள் பக்கத்து வீட்டு அம்மாவும்.

அந்த அம்மாவுக்கு எண்பதை நெருங்கும் வயது. கணவர் ரசாயன ஆலையில் வேலை பார்த்தவர், இப்போது இல்லை. கல்யாணமான நாளிலிருந்து லேபருக்குத் தவிர வேறு யாருக்கும் ஓட்டுப் போட்டதில்லையாம். அந்தத் தேர்தலுக்கு முந்தைய குளிர்காலத்தில் ஒரு நாள் எங்கள் பெண் ரசம் கொண்டுபோய்க் கொடுக்கப் போயிருக்கிறாள். அந்த அம்மா வீட்டுக்குள்ளேயே வெளியில் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு, மடியில் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஹீட்டர் சாயங்காலம் ஆறு மணிக்குப் போட்டு ஏழு மணிக்கு நிறுத்திவிடுவாராம். எங்கள் பெண் ரசத்தை டம்ளரில் ஊற்றிக் கொடுத்ததும் குடிக்காமல், டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தாராம்.

காரணம் இதுதான். அங்கே முதியவர்களுக்குக் குளிர்கால எரிபொருள் செலவுக்கென்று அரசாங்கம் ஆண்டுதோறும் 200 அல்லது 300 பவுண்டு கொடுத்துவந்தது. லேபர் ஆட்சிக்கு வந்த அதே மாதம், 2024 ஜூலையில், நிதி அமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் அதை வெட்டினார். மிக ஏழைகளுக்கான உதவித்தொகை வாங்குகிறவர்களுக்கு மட்டும் கிடைக்கும் என்றார்கள். சுமார் ஒரு கோடிப் பேருக்கு நின்றுபோனது. கஜானாவில் பணம் இல்லை என்று சொன்னார்கள், இருக்கலாம். ஆனால் வெட்டுவதற்கு முதலில் கண்ணில் பட்டது கிழவியின் ஹீட்டரா என்று எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்த அம்மா ரிஃபார்முக்கு ஓட்டுப் போடவில்லை. லேபருக்கும் போடவில்லை. "இந்தத் தடவை நான் போகப்போவதில்லை" என்று மட்டும் சொன்னாராம்.

இப்படி ஒருவரை நானும் பார்த்திருக்கிறேன். முப்பது வருஷம் வாத்தியார் வேலையில் இருந்தவன். தேர்தல் வேலை பார்க்காத தேர்தலே கிடையாது. 2019-இல் நம் வேலூர் நாடாளுமன்றத் தேர்தல் நினைவிருக்கும். பணம் பிடிபட்டதால் ஏப்ரலில் தேர்தலையே ரத்து செய்தார்கள். பிறகு ஆகஸ்ட் 5-ஆம் தேதி, திங்கட்கிழமை நடந்தது. அன்று நான் குடியாத்தம் பக்கம் ஒரு சாவடியில் இருந்தேன். காலை பத்து மணி வாக்கில் பீடி சுற்றும் பெண் ஒருவர் வந்து வரிசையைப் பார்த்தார். முன்னால் நாற்பது பேர் இருந்திருப்பார்கள். "சாருங்க, எவ்ளோ நேரம் ஆவும்?" என்று கேட்டார். ஒரு மணி நேரம் ஆகும் என்றேன். விரல்களைப் பார்த்துக்கொண்டார். "ஆயிரம் பீடி கணக்கு முடிக்கணும் சார், அப்பால வரேன்" என்று போனார். மாதச் சம்பளக்காரர்களுக்கு அன்று விடுமுறை. ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்கு ஏது விடுமுறை? சாயங்காலம் கதவைச் சாத்தும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வரவே இல்லை.

அந்தத் தேர்தலில் அப்போது மாநிலத்தை ஆண்ட அ.தி.மு.க.வின் இரட்டை இலையில் நின்ற ஏ.சி. சண்முகம், தி.மு.க.வின் கதிர் ஆனந்திடம் 8,141 ஓட்டில் தோற்றார். நோட்டாவுக்கு விழுந்தது அதைவிட அதிகம். முடிவு வந்த பிறகு லாங் பஜாரில் ஒரு வாரத்துக்கு ஒரே பேச்சு. ஆம்பூர் கைவிட்டது, வாணியம்பாடி கைவிட்டது என்று ஊர் பேரைச் சொல்லித் திட்டினார்கள் சிலர். இன்ன தெரு, இன்ன சாதி, இன்ன மதம் என்று விரல் நீட்டினார்கள். ஓட்டுப் போடாமல் போன ஜனத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. அதைக் கேட்டுக்கொண்டு டீ குடிக்க எனக்குப் பிடிக்கவில்லை.

ரன்கார்னிலும் இப்படித்தான் ஆயிற்று. ஜெயித்த கட்சிக்கு ஓட்டுப் போட்டவர்களை முட்டாள்கள், இனவெறியர்கள் என்று தோற்றவர்களில் சிலர் திட்டினார்கள். எனக்கு அந்தக் கட்சியின் அரசியல் பிடிக்காது. சிக்கலான எல்லாவற்றுக்கும் வெளியூரிலிருந்து வந்தவன்தான் காரணம் என்று ஒரே பதில் சொல்லும் அரசியல் அது. வீடு கிடைக்கவில்லையா, டாக்டரைப் பார்க்க முடியவில்லையா, குடியேறிகள்தான் காரணம் என்பார்கள். எங்கள் பெண்ணே குடியேறிதான். தேர்தல் முடிந்த மறுநாள் வார்டில் ஒரு பெரியவர், தான் யாருக்குப் போட்டேன் என்று அவளிடமே சொல்லிவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்னைச் சொல்லவில்லை அம்மா" என்றாராம். அவள் சிரித்துக்கொண்டே அவருக்கு ரத்த அழுத்தம் பார்த்திருக்கிறாள். அதைச் சொல்லும்போது போனில் அவள் குரல் சரியில்லை. உன்னைச் சொல்லவில்லை என்றால் யாரைச் சொல்கிறார்? அவளோடு அதே வார்டில் வேலை செய்யும் நைஜீரியப் பெண்ணையா? அந்தப் பெரியவர் மேல் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் அவரை முட்டாள் என்று நான் சொல்ல மாட்டேன். அவருடைய ஊரில் ஆலை மூடியது நிஜம். அவர் வீட்டிலும் ஹீட்டர் அணைந்தது நிஜம். அதற்குப் பதில் சொல்ல வேண்டிய கட்சி சொல்லாமல் விட்டது. யார் வாசலில் வந்து நின்றார்களோ அவர்கள் சொன்னதை அவர் நம்பினார்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தேர்தல் முடிந்து நான்கு வாரத்துக்குள், அந்தக் குளிர்காலப் பணத்தை முழுதாகத் திருப்பித் தருவோம் என்று ஃபராஜ் அறிவித்துவிட்டார். தொழிலாளர் கட்சி சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது. எதிராளி வந்து எடுத்துக்கொண்டு போனான்.

அரசாங்கமும் இறங்கி வந்தது. மே 21-ஆம் தேதி பிரதமர் ஸ்டார்மர் நாடாளுமன்றத்தில் முடிவை மாற்றப்போவதாகச் சொன்னார். ஜூன் 9-ஆம் தேதி அறிவிப்பே வந்துவிட்டது. ஆண்டு வருமானம் 35,000 பவுண்டுக்குள் இருக்கும் முதியவர்கள் எல்லோருக்கும் 2025 குளிர்காலத்திலிருந்து மறுபடி கிடைக்கும் என்றார்கள். சுமார் 90 லட்சம் பேர். அரசாங்கம் இறங்கி வந்ததற்கு இந்த ஒரு தொகுதி மட்டுமே காரணம் இல்லை. அதே நாளில் நடந்த உள்ளாட்சித் தேர்தலிலும் லேபர் கட்சி நன்றாக அடி வாங்கியிருந்தது. எனக்கு இதில் சந்தோஷம்தான். ஆனாலும் ஒரு முழுக் குளிர்காலம் போய்விட்டதே. அந்த அம்மா கோட்டோடு உட்கார்ந்திருந்த நாட்களை யார் திருப்பித் தருவார்கள்?

2021-இல் நம் காட்பாடியில் துரைமுருகன் 746 ஓட்டில் ஜெயித்தபோது, கடைசிச் சுற்றுவரை நம் ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. 746 என்றால் ஒரு சாவடியின் ஓட்டு. ஆறு என்றால் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்கள். குடியாத்தத்தில் அந்த அம்மா திரும்பிப் போனபோது எழுந்துபோய், "கொஞ்சம் நில்லுங்கம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று எனக்கு அன்றிலிருந்து தோன்றிக்கொண்டிருக்கிறது. சாவடி அலுவலர் யாரையும் கூப்பிடக்கூடாது, விதி அப்படி. கட்சிக்காரர்களுக்கு அந்த விதி கிடையாது. தேர்தலுக்கு முந்தின நாள் மட்டும் அவர் வீட்டுக்குப் போனவர்கள், அவர் கூலி என்ன, ஆயிரம் பீடிக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது என்று ஒரு நாளாவது கேட்டிருந்தால் வரிசையில் நின்றிருப்பாரோ என்னவோ.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் பெண் மறுபடி பேசினாள். அங்கே தபால் ஓட்டுக்குக் காரணம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, கேட்டால் கொடுத்துவிடுகிறார்கள். அவள் கேட்டு விண்ணப்பம் அனுப்பியிருக்கிறாள். அனுப்புவதற்கு முன்னால் பக்கத்து வீட்டு அம்மாவிடமும் ஒரு படிவத்தை நீட்டியிருக்கிறாள். அந்த அம்மா மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து, படிவத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்துவிட்டு, "யாருக்குப் போடுவேன் என்று இப்போது சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாராம்.

நன்றி, வணக்கம்.