கூட்டு ஒப்பந்தம்: வக்கீல் ஃபீஸ் எங்கே ஏறுகிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

கூட்டாகத் தொழில் தொடங்குகிறவர்கள் என்னிடம் வந்ததும் கேட்பது, "ஒப்பந்தம் எழுத எவ்வளவு சார் ஆகும்?" என்றுதான். நியாயமான கேள்வி. சரக்குக்கும் வாடகைக்குமே பணம் பற்றாத நேரம் அது. ஆனால் அதற்கான விடையில் பாதி, கேட்கிறவர்கள் கையில்தான் இருக்கிறது.

ஃபீஸ் ஏறுவது பக்கக் கணக்கால் அல்ல, முடிவு செய்யாமல் விட்ட விஷயங்களால். யாருக்கு எத்தனை சதவீதம் என்பதையே வக்கீல் அறையில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தால், அந்தப் பேச்சுக்கும் சேர்த்துத்தான் பில் வரும். முதல் டிராஃப்ட் தயாரான பிறகு ஒருவர் வீட்டில் கலந்து பேசிவிட்டு மனம் மாறுவார். மறுபடி ஒரு டிராஃப்ட். மணிக்கணக்கில் ஃபீஸ் வாங்கும் இடத்தில் இது எங்கேயோ போய் நிற்கும். மொத்தமாக ஒரு தொகை பேசினாலும், எத்தனை திருத்தம் அதில் அடங்கும், முத்திரைக் கட்டணமும் பதிவுச் செலவும் சேர்த்தியா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஒப்பந்தமே வேண்டாம், நம்பிக்கை போதும் என்பவர்களும் உண்டு. நம்பிக்கையை நான் குறைத்துப் பேசவில்லை. நீங்கள் எழுதாத இடத்தைச் சட்டம் தன் இஷ்டப்படி நிரப்பிக்கொள்ளும், அதுதான் என் கவலை. பிரிட்டனின் 1890ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டமும் சரி, இந்தியாவின் 1932ஆம் ஆண்டுச் சட்டமும் சரி, வேறு ஏற்பாடு இல்லையென்றால் லாபம் சரிசமம் என்கின்றன. முதல் முழுவதும் ஒருவரே போட்டிருந்தாலும் இதுதான் கணக்கு. வேறு விதமாக எழுதி வைக்காவிட்டால், ஒரு கூட்டாளியின் மரணத்தோடு கூட்டும் கலைந்துவிடும்.

செலவு செய்ய வேண்டிய இடம் ஒன்று உண்டு: விலகும் ஷரத்து. ரெடிமேட் படிவங்களில், "விலகுபவரின் பங்கை மற்றவர் நியாயமான விலைக்கு வாங்கிக்கொள்ளலாம்" என்று ஒரே வரி இருக்கும். எது நியாயம்? கணக்குப் புத்தகத்தில் உள்ள மதிப்பா, குட்வில்லும் (தொழில் சம்பாதித்த நற்பெயரின் மதிப்பு) சேர்த்தா? எந்தத் தேதிக் கணக்கு? மதிப்பிடும் ஆடிட்டரை யார் தேர்ந்தெடுப்பது? பணம் ஒரே தடவையிலா, தவணையிலா? விலகுகிறவர் வங்கிக் கடனுக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து என்ன ஆகும்? வழக்கு முளைப்பது இந்தக் கேள்விகளில்தான். இதை ஒழுங்காக எழுத வக்கீலுக்குக் கொடுக்கிற பணத்தில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். பாதிக்குப் பாதி பங்கு வைத்திருப்பவர்கள், இருவரும் ஒத்துப்போகாதபோது யார் சொல் செல்லும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இருவருக்கும் ஒரே வக்கீல் போதுமா என்று கேட்பார்கள். எழுதுவதற்குப் போதும். ஆனால் உங்கள் நலனும் கூட்டாளியின் நலனும் மோதும் இடத்தில் அவர் இரண்டு பக்கமும் நின்று ஆலோசனை சொல்ல முடியாது. கையெழுத்துக்கு முன் இறுதிப் படியை ஒவ்வொருவரும் தனித்தனியே தமக்கு வேண்டிய ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். படித்துப் பார்த்துச் சொல்வதற்கு மட்டும் என்றால் செலவு கட்டுக்குள் இருக்கும்.

வக்கீலிடம் போவதற்கு முன், பங்கு, சம்பளம், விலகல், மரணம், புதுக் கூட்டாளி ஆகிய ஐந்துக்கும் ஆளுக்கொரு தாளில் தனித்தனியே பதில் எழுதுங்கள். பிறகு இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பதில் வேறுபடும் இடங்களைப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். தீராததை மட்டும் எடுத்துக்கொண்டு போய், இதற்கு எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள்.

வணக்கம்.