நாளைக்கு போவேன்னு சொன்னவரு

எல்லாருக்கும் வணக்கம். மழை வர்ற மாதிரி இருக்கு, பின்னாடி நிக்கிறவங்க கொஞ்சம் முன்னாடி வந்து உக்காருங்க, பாய் விரிச்சிருக்கு. தம்பி, அந்த பெரியவருக்கு ஒரு சேர் போடுப்பா.

இன்னிக்கு புரட்டாசி ரோகிணி, திருநாளைப்போவார் நாயனார் குருபூஜை. நாம நந்தனார் நந்தனார்னு சொல்றோமே, அவரேதான். என்ன பேசணும்னு கேட்டேன், உங்க இஷ்டம்மான்னுட்டாங்க. எனக்கு ரொம்ப வருஷமா மனசுல கெடக்கற விஷயம் ஒன்னுதான், காத்திருக்கறது. இந்த கூட்டத்துல எதுக்காகவும் காத்திருக்காதவங்க யாரு இருக்கா சொல்லுங்க. பொண்ணுக்கு வரன் அமையலன்னு ஒரு அம்மா இருப்பாங்க, குரூப் ஃபோர் எழுதிட்டு ரிசல்ட்டுக்கு உக்காந்திருக்கற தம்பி இருப்பான், கொழந்த இல்லையேன்னு கோயில் கோயிலா ஏறி எறங்கற புருஷன் பொண்டாட்டி இருப்பாங்க, ஸ்கேன் ரிப்போர்ட்ல என்ன வருமோன்னு வயித்துல நெருப்ப கட்டிக்கிட்டு வந்தவங்களும் இருப்பீங்க. இவங்க கிட்ட போயி பொறுமையா இருங்க, சாமி பாத்துக்கும்னு சொல்லிட்டு காபி குடிச்சிட்டு கெளம்பிடலாம். எங்கப்பா படுத்த படுக்கையா இருந்தப்போ எங்க வீட்டுக்கு வந்தவங்க அத்தனை பேரும் அப்படித்தான் சொன்னாங்க, நல்ல மனசோடதான் சொன்னாங்க, ஆனா எனக்கு அது ஒருநாளும் கைகுடுக்கல. கைகுடுத்தது நந்தனார். எப்படின்னு சொல்றேன்.

மொதல்ல அவரு பேர பாருங்க. திருநாளைப்போவார். தில்லைக்கு, அதான் சிதம்பரம் கோயிலுக்கு, நாளைக்கு போவேன், நாளைக்கு போவேன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு, அதுவே பேராயிடுச்சு. செஞ்சு முடிச்ச காரியத்தால வந்த பேரு இல்ல இது, முடியாம தள்ளித் தள்ளி போன காரியத்தால வந்த பேரு. சுந்தரர் திருத்தொண்டத்தொகையில அடியார்கள வரிசையா பாடும்போது இவர இந்தப் பேர்லதான் கும்பிடுறாரு. போய் சேந்தவர்னு பாடல பாருங்க, நாளைப்போவார்னுதான் பாடுறாரு. தில்லைக்கு போய் சேந்தது அவரு வாழ்க்கைல கடைசி கொஞ்ச நாள். அதுக்கு முன்னாடி இருந்த அவ்வளவு காலத்துக்கும் சேத்துத்தான் அந்த பேரு.

12-ஆம் நூற்றாண்டுல சேக்கிழார் பெரியபுராணம் பாடும்போது இவரோட ஊர, கொள்ளிடக்கரை பக்கத்து ஆதனூர, ரொம்ப கிட்டக்க போய் பாக்கறாரு. வயல், கரும்புன்னு பாடிட்டு அப்படியே சேரிக்குள்ள வந்துடறாரு. மருதமரத்து நெழல்ல சின்னதா ஒரு தோல விரிச்சு அதுமேல ஒரு உழத்தி அவ கொழந்தைய தூங்க வைக்கிறா. மண்ணுல பொதச்ச பானைக்குள்ள பெட்டக்கோழி ஒடுங்கி உக்காந்திருக்கு. மாமரத்துல பறைய கட்டி தொங்க விட்டிருக்காங்க. ராஜசபைல அமைச்சரா இருந்த ஒரு மனுஷன், அந்த காலத்துல, இதெல்லாம் எழுதியிருக்காரு. எனக்கு பெரியபுராணத்துல ரொம்ப புடிச்ச எடம் இதுதான்.

அந்த ஊர்ல நந்தனார் என்ன செஞ்சாரு? வெட்டியான் வேலைக்கு ஊரு விட்ட மானியத்துல சாப்புட்டுக்கிட்டு, சிவன் கோயில் எங்கெங்க இருக்கோ அங்கெல்லாம் பேரிகை மாதிரி வாத்தியங்களுக்கு மேல போத்தற தோல், இழுத்து கட்டற வார், வீணைக்கும் யாழுக்கும் நரம்பு, பூஜைக்கு கோரோசனை, இதெல்லாம் ஆசை ஆசையா குடுத்துக்கிட்டு இருந்தாரு. நான் மொதல்ல படிச்சப்போ இந்த பாட்ட வேகமா தாண்டி போயிட்டேன், ஏதோ கைங்கர்யம் லிஸ்ட் சொல்றாருன்னு. அப்புறம்தான் உறைச்சுது. அவரு பொறந்த சாதிய கோயிலுக்குள்ள விடமாட்டாங்க, அதனால அவரு வாசலுக்கு வெளிய நிக்கிறாரு. ஆனா அவரு பதப்படுத்தின தோலு உள்ள இருக்கு. அவரு முறுக்கின நரம்பு உள்ள பாடுது. காலசந்தி பூஜைக்கு பேரிகை முழங்குதே, அது யாரோட கை? அவரு உள்ள போறதுக்கு எத்தனையோ வருஷம் முன்னாடியே அவரு கை வேலை உள்ள போயிடுச்சு.

அந்த வேலையும் லேசுப்பட்டது இல்லைங்க. எங்க ஊரு பக்கம் மிருதங்கம் செய்றவரு ஒருத்தர் வீட்டு திண்ணைல ஒரு நாள் முழுக்க உக்காந்து பாத்திருக்கேன். வலந்தலைல, அதான் வலது பக்கத்து தோல்ல, கறுப்பா வட்டமா இருக்குல்ல, அத சோறுன்னு சொல்வாங்க, நெஜமாவே வெந்த சோத்துல கிட்டக்கல்ல பொடி பண்ணி போட்டு பெசஞ்சு வைக்கிறதுதான். ஒரு பூச்சு போடுவாரு, வழவழன்னு இருக்கற ஒரு கல்லால தேய்ப்பாரு தேய்ப்பாரு தேய்ச்சுக்கிட்டே இருப்பாரு, காயணும், அப்புறம் அடுத்த பூச்சு, மறுபடி கல்லு. நடுவுல விரலால ஒரு தட்டு தட்டி காத வச்சு கேப்பாரு. எப்பங்க முடியும்னு கேட்டேன். முடியறப்போ அதுவே சொல்லும்மான்னாரு. அவசரப்பட்டா உதுந்து போயிடுமாம். நந்தனாருக்கு இதெல்லாம் தெரிஞ்ச வேலை. ஈரத்தோலு காயற வரைக்கும் காத்திருக்க தெரிஞ்ச கைங்க அது.

இப்போ எங்கப்பா கதைக்கு வர்றேன். அவரு பூக்கட்டறவரு. எங்க ஊரு கோயிலுக்கு தெனம் மாலை அவருதான். விடியக்காத்தால வாழநார நனச்சு கிழிச்சு வச்சுட்டு உக்காந்தாருன்னா பேசிக்கிட்டே கட்டுவாரு, கண்ணு பூவ பாக்காது, விரலு மட்டும் ஓடும். 2013-ல ஒருநாள் பூக்குடலைய தூக்கும்போதே சாஞ்சுட்டாரு. பக்கவாதம். வலது கை, வலது கால் ரெண்டும் போச்சு, பேச்சும் கொழறிடுச்சு. டாக்டருங்க பாக்கலாம் பாக்கலாம்னாங்க. பிசியோதெரபிக்கு ஒருத்தர் வந்தாரு. ஒரு மாசம், மூணு மாசம், அஞ்சு மாசம், எதுவும் மாறல. அவரு சுவத்த பாத்து திரும்பி படுத்துடுவாரு. எங்கம்மா மாலைய கட்டி குடுக்க ஆரம்பிச்சாங்க, வருமானம் வேணுமில்ல.

ஒருநாள் அம்மா மொறத்துல அரளியும் நந்தியாவட்டையும் கொட்டி அவரு கட்டில்ல, இடது கை பக்கமா வச்சாங்க. ஒன்னும் சொல்லல, வச்சுட்டு வந்துட்டாங்க. அவரு தட்டி விட்டுட்டாரு, வீடு முழுக்க பூ. அம்மா பொறுக்கி எடுத்து கட்டினாங்க. மறுநாளும் வச்சாங்க, மறுநாளும் தட்டி விட்டாரு. எனக்கு அம்மா மேல அவ்வளவு கோவம், ஏம்மா அவர சீண்டுறேன்னு சண்டையே போட்டேன். பத்து பன்னெண்டு நாள் இருக்கும், நான் சமயக்கட்டுலேந்து பாக்கறேன், அப்பாவோட இடது கை மெதுவா நகந்து, வாடிப்போன அரளி ஒன்ன எடுத்து மொறத்துக்கு வெளிய வச்சுது. அப்புறம் இன்னொன்னு. யாரும் பாக்கலைன்னு நெனச்சுக்கிட்டாரு. அம்மாகிட்ட ஓடிப்போய் சொன்னேன், தெரியும் பேசாம இருன்னாங்க.

அதுக்கப்பறம் அது அவரு வேலையாயிடுச்சு. பூச்சி கடிச்சது, காம்பு ஒடிஞ்சது, பழுத்தது எல்லாம் பிரிச்சுடுவாரு. அம்மா அவசரத்துல ஒரு வாடின பூவ சேத்து கட்டிட்டா மொறத்த டொக்கு டொக்குன்னு தட்டுவாரு, பிரிச்சு கட்டற வரைக்கும் விடமாட்டாரு. கை சரியாச்சான்னா இல்ல, வலது கை கடைசி வரைக்கும் வரல. ஆனா சுவத்த பாத்து படுக்கறது நின்னுடுச்சு. ராத்திரி அவரு கட்டில்கிட்ட உக்காந்து பெரியபுராணம் படிக்கறத வழக்கமா வச்சுருந்தேன், அப்போதான் அந்த தோலும் வாரும் பாட்டு எனக்கு திரும்ப கண்ணுல பட்டுது. எங்கப்பா கோயிலுக்கு போயி மாசக்கணக்காச்சு, ஆனா அவரு தொட்ட பூவு தெனம் காலைல சாமி தோள்ல கெடக்குது.

எப்ப சரியாகும்னு கேட்டுக்கிட்டே இருந்தா அந்த கேள்வி மனுஷன தின்னுடும். எங்கம்மா அத கேக்கறத நிறுத்திட்டாங்க. இன்னிக்கு இவரு கையால எது கோயிலுக்கு போகும்னு மட்டும் பாத்தாங்க. நம்ம கதவு தொறக்காத காலத்துல சாமி நம்மகிட்ட எதுக்காக இருக்காருன்னு கேட்டா, எனக்கு தெரிஞ்ச பதில் அந்த மொறம்தான். அதுக்காக நந்தனார் தவிக்கலைன்னு நெனைக்காதீங்க. தில்லைக்கு போகணும்னு ஆசை வந்த ராத்திரி அவரு கண்ணே மூடலன்னு சேக்கிழார் சொல்றாரு. விடிஞ்சா போயிடலாம்னு தோணுது, விடிஞ்சதும் நம்ம பொறப்புக்கு உள்ள விடுவாங்களான்னு நெனப்பு வந்து கால கட்டுது, ஆச அடங்கிடுது, மறுபடி பொங்குது, சரி நாளைக்கு போவேன். இப்படியே எத்தனை நாளு. பொறுமைன்னா மனசு கல்லாட்டம் கெடக்கறதுன்னு நமக்கு யாரோ சொல்லி குடுத்துட்டாங்க. அழுதுக்கிட்டே தோல பதப்படுத்தலாம், தூங்காத கண்ணோட பூவும் பொறுக்கலாம், அதுவும் பொறுமைதான்.

இங்க ஒன்னு சொல்லியே ஆகணும், சொல்லாம எறங்கினா நான் நேர்மையா பேசினதா ஆகாது. நமக்கு தெரிஞ்ச நந்தன் கதைல ஒரு பண்ணையார் வேதியர் வருவாரு, 40 வேலி நெலத்த ஒரே ராத்திரில முடிச்சுட்டு போன்னுவாரு. ஒரு வேலின்னா ஆறரை ஏக்கருக்கு மேல, கணக்கு போட்டுக்கோங்க. அந்த வேதியர் சேக்கிழார் கிட்ட கெடையாது. 19-ஆம் நூற்றாண்டுல கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தன் சரித்திரமா பாடினப்போ வந்தவரு. சேக்கிழார்ல யாரும் கையப்புடிச்சு தடுக்கல, தடுக்கற சொவரு நந்தனார் நெஞ்சுக்குள்ளயே கட்டியாச்சு. எது கொடுமைன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. கடைசில தில்லைல அவரு தீயில எறங்கித்தான் உள்ள போறாரு, அந்த தீய மட்டும் என்னால சாதாரணமா படிச்சுட்டு போக முடியறதில்ல, எத்தனை தடவ படிச்சாலும் நெஞ்சு அடைக்குது. மதுரை மீனாட்சி கோயிலுக்குள்ள வைத்தியநாத ஐயர் கூட கக்கன் முதலானவங்க, அதுவரைக்கும் உள்ள விடாத சாதிக்காரங்க, நொழஞ்சது 1939 ஜூலை 8. சேக்கிழார் பாடி சுமாரா 800 வருஷம் கழிச்சு. அதனால நந்தனார காட்டி இன்னொருத்தன பாத்து நீயும் பொறுமையா காத்திருன்னு சொல்ல நமக்கு வாய் கெடையாது. நம்ம வலிய நாம பொறுத்துக்கலாம், அது தவம். அடுத்தவன் வாசல்ல நாம நந்தி மாதிரி கெடந்துக்கிட்டு அவனுக்கு பொறுமைய போதிச்சோம்னா அது பாவம். நம்மால யாராவது காத்துக்கிட்டு இருந்தா, ஒரு கையெழுத்துக்கோ ஒரு கூலிக்கோ ஒரு மன்னிப்புக்கோ, இன்னிக்கு ராத்திரியே வீட்டுக்கு போனதும் அத குடுத்துடுங்க.

நந்தின்னதும் திருப்புன்கூர் வந்துடுச்சு, வேணும்னேதான் கடைசிக்கு வச்சிருந்தேன். தில்லைக்கு முன்னாடி அவரு போன ஊரு. வாசல்ல நின்னு நேரா சாமிய பாக்கணும்னாரு, நந்தி மறச்சுக்கிட்டு இருக்கு, சிவலோகநாதர் நந்திய வெலகச் சொன்னாரு. இது எல்லாருக்கும் தெரியும். அதுக்கப்பறம் அவரு செஞ்சதுதான் நெறைய பேருக்கு தெரியாது. பாத்தாச்சு, ஊருக்கு கெளம்பலாமில்ல? கோயில் பக்கத்துல ஒரு பள்ளம் கண்ணுல பட்டுது, அத வெட்டி குளமாக்கிட்டுத்தான் போனாரு. அந்த குளத்துக்கு புள்ளையார் ஒத்தாசை பண்ணாருன்னு ஊர்ல சொல்வாங்க, குளம் வெட்டிய விநாயகர்னே அங்க ஒருத்தர் இருக்காரு.

வைத்தீஸ்வரன் கோயில்லேந்து மூணு கிலோமீட்டர் போல இருக்கும். அப்பா படுத்து ரெண்டாவது வருஷம் ஒரு வாடக காரு புடிச்சு அவர அங்க கூட்டிக்கிட்டு போனோம். மாலை நாங்க கொண்டு போனதுதான், அவரு பொறுக்கினது, அம்மா கட்டினது. வாசல்ல சக்கர நாற்காலிய நிறுத்திட்டு, உள்ள எப்படி தூக்கிட்டு போறதுன்னு நானும் டிரைவரும் பேசிக்கிட்டு இருந்தோம். அம்மா மாலையோட உள்ள போயிட்டாங்க. கவசம் சாத்தியிருந்த சாமிக்கு குருக்கள் அந்த மாலைய போட்டுட்டு தீபம் காட்டினாரு. அப்பா இடது கையால என் மணிக்கட்ட புடிச்சாரு. கொழறல்தான், ஆனா வெளங்குச்சு.

இங்கேந்தே தெரியுதும்மா.

உள்ள தூக்க வேணாம்னுட்டாரு. ரொம்ப நேரம் அப்படியே பாத்துக்கிட்டு இருந்தாரு. அப்புறம் குளத்த காட்டுன்னாரு, தள்ளிக்கிட்டு போனேன்.