ககன்யான் அனிமேஷனில் கடல் மட்டும் ஏன் இப்படி?

வணக்கம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இன்று நான் கோபத்தில் இருக்கிறேன். காற்றுச் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். ராமேஸ்வரம் இருக்கும் பாம்பன் தீவில், குந்துகால் கரையில் நிற்கிறேன், கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று மைக்கைப் பிய்த்துக்கொண்டு போகிறது. "மைக்குக்கு உறை போடுங்கள் அக்கா" என்று வீடியோதோறும் எழுதும் அன்பர்களே, உறை போட்டுத்தான் இருக்கிறது. உறைக்குள்ளேயும் காற்று போகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். மனிதர்களை விண்வெளிக்கு அனுப்பும் இஸ்ரோவின் திட்டமான ககன்யானில் நம் ஆட்கள் எப்படிப் போவார்கள், எப்படித் திரும்புவார்கள் என்று காட்டும் ஓர் அனிமேஷன் வீடியோவை உங்களில் பலர் எனக்கு அனுப்பியிருந்தீர்கள். யார் செய்தது என்று சொல்ல மாட்டேன். நன்றாக உழைத்திருக்கிறார்கள், அதில் சந்தேகமில்லை. அந்தக் கடைசி ஒன்றரை நிமிடத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ராக்கெட்டைப் பொறுத்தவரை பிரமாதம். ககன்யானைச் சுமந்து போகும் எல்.வி.எம்.3 ராக்கெட் கிளம்பும்போது பக்கவாட்டில் இருக்கும் இரண்டு திட எரிபொருள் பூஸ்டர்கள்தான் முதலில் எரியும். நடுவில் இருக்கும் திரவ எரிபொருள் எஞ்சின்கள் வானத்தில் போன பிறகுதான் பற்றிக்கொள்ளும். பெரும்பாலான அனிமேஷன்களில் எல்லாமே தரையிலேயே சேர்ந்து எரியும். இவர்கள் அதைச் சரியாகக் காட்டியிருக்கிறார்கள். அந்த இடத்தில் நான் கைதட்டினேன்.

அடுத்து சுற்றுப்பாதை. இங்கேதான் எல்லோரும் செய்வதை இவர்களும் செய்கிறார்கள். விண்கலம் முன்னால் மிதக்கிறது, பின்னால் பூமி முழு உருண்டையாக, அழகாக, தூரத்தில் தொங்குகிறது. ககன்யான் போகப்போகும் உயரம் ஏறத்தாழ 400 கிலோமீட்டர். ராமேஸ்வரத்திலிருந்து சென்னைக்கு நேர்கோடு போட்டு அளந்தாலே 430 கிலோமீட்டர் வந்துவிடும். அதாவது சென்னை நமக்குத் தூரம், ஏறத்தாழ அதே உயரத்தில் சுற்றும் விண்வெளி நிலையம் தலைக்கு மேலே வரும்போது கிட்டம். அந்த உயரத்திலிருந்து பூமி எப்படி உருண்டையாகத் தெரியும்?

இதைக் காட்டுவதற்காகவே ஒரு பூமி உருண்டை வாங்கினேன். இதோ. ராமநாதபுரத்தில் ஒரு கடையில், 1,150 ரூபாய். ஆயிரத்துக்குக் கேட்டேன், தரவில்லை. "இது 12 அங்குலம் அக்கா, சின்னது வேண்டுமென்றால் 400-க்குத் தருகிறேன்" என்கிறார். சின்னதை வைத்து நான் என்ன செய்ய? கடைசியில் துடைப்பதற்கு ஒரு துணி இலவசமாகக் கொடுத்தார். துணி! 1,150 ரூபாய் உருண்டையில் இரண்டு பாதிகளையும் ஒட்டிய கோடு இந்தியப் பெருங்கடலில் நன்றாகத் தெரிகிறது, பாருங்கள், கேமரா பக்கத்தில் கொண்டுவருகிறேன். பாம்பன் தீவு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பசைக் கட்டி. நம் ஊரே அதில் கிடையாது. சரி, விடுகிறேன். விட முடியவில்லை என்றாலும் விடுகிறேன்.

இந்த உருண்டை 30 சென்டிமீட்டர் குறுக்களவு. இதில் 400 கிலோமீட்டர் உயரம் எவ்வளவு தெரியுமா? ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. ஒன்பதரை மில்லிமீட்டர். இதோ என் சுண்டுவிரல் நகத்தை வைக்கிறேன், அவ்வளவுதான் விண்வெளிப் பயணம். நிலாவுக்குப் போக வேண்டுமென்றால் ஒன்பது மீட்டர் நடக்கவேண்டும். அதையும் செய்தேன். சித்தப்பாவின் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு மணலில் நடந்து, அங்கே ஒரு வலை மிதப்பை நிலாவாக வைத்தேன், தெரிகிறதா? அந்தச் சிவப்புப் புள்ளி. அது இன்னும் கொஞ்சம் பெரிதாக, எட்டு சென்டிமீட்டர் இருக்கவேண்டும், கிடைத்தது இதுதான்.

காற்றில் உலகம் தானாகச் சுற்றுகிறது. அதுவும் எதிர்ப்பக்கமாக. யாராவது பிடியுங்கள். யாரும் இல்லை, நானே பிடிக்கிறேன்.

ராமேஸ்வரத்துக்கு நேர் மேலே, அந்த உயரத்தில் இருந்து கீழே பார்த்தால் இலங்கை முழுவதும் காலடியில் கிடக்கும், அடிவானம் டெல்லிப் பக்கம் போய் முடியும். பூமி ஒரு பெரிய வளைந்த தரையாக ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்கும். அதை வரைந்தால் இன்னும் பயமாக, இன்னும் அழகாக இருக்குமே. ஏன் வரைய மாட்டேன் என்கிறார்கள்? உருண்டை இருந்தால்தான் விண்வெளி என்று நமக்குப் புரியும் என நினைக்கிறார்கள்.

சத்தத்தைப் பற்றி வேகமாகச் சொல்லிவிட்டுப் போகிறேன், ஏற்கெனவே ஒரு வீடியோவில் கத்தியிருக்கிறேன். வெற்றிடத்தில் எஞ்சின் உறுமாது. நெருப்பும் அனிமேஷனில் வருவது போலத் தெரியாது. 1972 டிசம்பர் 14 அன்று அப்பல்லோ 17 நிலாவிலிருந்து கிளம்பியதை, அவர்கள் விட்டுவிட்டு வந்த வண்டியில் இருந்த கேமரா நேரலையில் காட்டியது. தேடிப் பாருங்கள். கீழே ஏதோ சிதறுகிறது, மேல்பகுதி சட்டென்று எழும்புகிறது, நெருப்பே கண்ணுக்குத் தெரியாது. அந்த எரிபொருள் எரியும் சுவாலை வெற்றிடத்தில் ஏறக்குறைய நிறமற்றது. முதல் தடவை பார்க்கும்போது கயிறு கட்டி இழுத்தது போலத்தான் தெரியும். உண்மை அனிமேஷனைவிடப் போலியாகத் தெரிகிறது! இன்னொன்று, அந்தக் கேமராவை மேலே திருப்பியவர் ஹூஸ்டன் கட்டுப்பாட்டு மையத்தில் உட்கார்ந்திருந்த எட் ஃபெண்டல். கட்டளை நிலாவுக்குப் போய்ச் சேர ஒரு விநாடிக்கு மேல் ஆகும் என்பதால், அது கிளம்புவதற்கு முன்பே கணக்குப் போட்டுக் கட்டளையை அனுப்பினார். எனக்கு அந்த மனிதரை மிகவும் பிடிக்கும். கேமரா பிடிக்கிறவர்களுக்குத்தான் அந்த வேதனை தெரியும்.

நடுவில், விண்வெளி நிலையத்துக்குப் போய்வந்த நம் வீரர் சுபான்ஷு சுக்லாவின் பயணத்தையும் அரை நிமிடம் காட்டுகிறார்கள். ராக்கெட் போகிறது, நிலையம் வருகிறது, ஒட்டிக்கொள்கிறது. சுற்றுப்பாதைக்குப் போக ஒன்பது நிமிடம்தான், சரி. ஆனால் 2025 ஜூன் 25 அன்று கிளம்பி, நிலையத்தில் இணைய ஏறத்தாழ 28 மணி நேரம் ஆயிற்று. வேகத்தைக் கூட்டி முந்தும் வேலை அங்கே நடக்காது. வேகத்தைக் கூட்டினால் மேலே ஏறி, சுற்றி வரும் நேரம் கூடி, பின்தங்கிவிடுவீர்கள். கீழான பாதையில் இருந்தால்தான் முன்னால் இருப்பதைப் பிடிக்க முடியும். இதை அனிமேஷனில் அழகாகக் காட்டலாம், ஒருவரும் காட்டுவதில்லை.

இப்போது கடல்.

அந்தக் கடைசி ஒன்றரை நிமிடத்தைச் சித்தப்பாவிடம் காட்டினேன். வத்தை, அதாவது மீன்பிடிப் படகு ஓட்டுகிறவர், விண்வெளியில் ஆர்வம் கிடையாது, எனக்காகப் பார்த்தார். மூன்று பாராசூட்டில் கலம் இறங்குகிறது, நீல நிறக் கடல், தண்ணீரில் மெதுவாக உட்காருகிறது, நேராக நிற்கிறது. சித்தப்பா கேட்டார்: "ஏம்மா, அது மிதக்கிறதா, நங்கூரம் போட்டு நிற்கிறதா?" அவ்வளவுதான், முடிந்தது. இரண்டாவது முறை ஓட்டிப் பார்த்தார். "கப்பலில் கொடி கிழக்கே பறக்கிறது, அலை கிழக்கேயிருந்து வருகிறது. எந்தக் கடல் இது?" என்றார். நானும் அதைக் கவனிக்கவில்லை. நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் கொடி ஒரு பக்கம், புகை ஒரு பக்கம், அலை ஒரு பக்கம். எங்கள் ஊரில் தெற்கே இருப்பதை ஆண் கடல் என்றும் வடக்கே இருப்பதைப் பெண் கடல் என்றும் சொல்வார்கள். கச்சான் வீசினால் தெற்கே கொந்தளிக்கும், வடக்கே படகு போகும். இவர்கள் வரைந்த கடல் இரண்டிலும் சேராது.

நிஜத்தில் என்ன நடந்தது? 2023 அக்டோபர் 21, ஸ்ரீஹரிகோட்டா, டி.வி.-டி1 சோதனை. ஆள் இல்லாத கலத்தை, ராக்கெட்டில் ஆபத்து வந்தால் எப்படிப் பிரித்து இறக்குவது என்று பார்த்தார்கள். எல்லாம் நடந்தது, வெற்றி. கரையிலிருந்து சுமார் 10 கிலோமீட்டரில் வங்காள விரிகுடாவில் இறங்கியது, கடற்படை போய் எடுத்தது. எடுக்கப் போனவர்கள் பார்த்தபோது கலம் தலைகீழாகக் கிடந்தது. அதை இஸ்ரோவே சொன்னது, ஒளிக்கவில்லை. இதை யாராவது அனிமேஷனில் காட்டினார்களா?

ஐயோ, மறந்துவிட்டேன், பின்னால் போகிறேன். அந்தச் சோதனை காலை 8 மணிக்கு என்றார்கள், தள்ளிப்போயிற்று, பிறகு கிளம்ப 5 விநாடி இருக்கும்போது கணினியே நிறுத்திவிட்டது. 10 மணிக்குத்தான் போனது. அந்த 5 விநாடியில் என் நெஞ்சு நின்றது. அனிமேஷனில் ராக்கெட் ஒருமுறைகூட நின்றதில்லை.

தலைகீழாவது நமக்கு மட்டும் நேர்ந்ததும் இல்லை. 1969 ஜூலை 24 அன்று அப்பல்லோ 11 திரும்பி வந்து பசிபிக்கில் விழுந்ததும் கவிழ்ந்துதான் கிடந்தது. மூன்று பேரும் உள்ளே தலைகீழாகத் தொங்கினார்கள். மேல்பகுதியில் இருக்கும் காற்றுப் பைகள் ஊதி, மெதுவாக நிமிர்த்தின. நிலாவில் நடந்துவிட்டு வந்தவர்கள்! அதற்கு முன்பு 1961-இல் அமெரிக்க விண்வெளி வீரர் கஸ் கிரிஸ்ஸம் வந்த கலத்தின் கதவு முன்கூட்டியே திறந்து, தண்ணீர் புகுந்து, கலம் மூழ்கியே போயிற்று. அவர் நீந்தித் தப்பினார்.

பாராசூட்டையும் பாருங்கள். ககன்யானில் மொத்தம் பத்து. மூடியைக் கழற்ற இரண்டு, வேகத்தைக் குறைத்து நிலைப்படுத்த இரண்டு, பெரியவற்றை வெளியே இழுக்க மூன்று, பெரியவை மூன்று. பெரியவையும் ஒரேயடியாக விரியாது, படிப்படியாகத்தான் விரியும், இல்லாவிட்டால் கிழிந்துவிடும். அதில் இரண்டு விரிந்தாலே போதும். 1971-இல் அப்பல்லோ 15 இறங்கும்போது மூன்றில் ஒன்று சுருங்கிப்போய் இரண்டில்தான் வந்தது, எல்லோரும் பத்திரம். இந்த வீடியோவில் மூன்றும் ஒரே நொடியில் பளிச்சென்று விரிகின்றன, தண்ணீரில் இறங்கியதும் மறைந்துபோகின்றன. மறைந்தே போகின்றன! அவ்வளவு துணியும் எங்கே? ஈரத்துணி காற்றில் உப்பினால் கலத்தை இழுத்துக்கொண்டு போகும், அதனால்தான் அறுத்துவிடுகிறார்கள். அடுத்த காட்சியில் வீரர்கள் கதவைத் திறந்து நின்று கையசைக்கிறார்கள். சுக்லா 18 நாள் நிலையத்தில் இருந்துவிட்டு வந்து, மிதக்கும் என்ற நினைப்பில் லேப்டாப்பைக் காற்றில் விட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். இங்கே எழுந்து நிற்பதே பெரும்பாடு.

என் எண்ணம் இதுதான். விண்வெளி நிறுவனங்கள் போடும் அனிமேஷன் கல்யாணப் பத்திரிகை மாதிரி. முகூர்த்த நேரம், மண்டபம் எல்லாம் அச்சாகிவிடும். கல்யாணத்தன்று நடப்பது வேறு. 1969 ஜூலை 20 அன்று நிலாவில் இறங்கியபோது ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி தயாராக வைத்திருந்த சித்திரிப்பில் கலம் முன்னதாகவே தரையில் உட்கார்ந்துவிட்டது. ஆர்ம்ஸ்ட்ராங்கோ கீழே பாறைகள் கிடப்பதைப் பார்த்து, தாண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். பத்திரிகை அடித்தவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. நடந்து முடிந்ததைப் பார்த்த பிறகும், 2023-க்குப் பிறகும், பத்திரிகையையே பார்த்து வரைகிறவர்கள் மேல்தான் கோபம்.

அந்த அனிமேஷன் செய்த தம்பிகள் இதைப் பார்த்தால், உண்மையாகவே சொல்கிறேன், வாருங்கள். கச்சான் ஓய்வதற்குள் வாருங்கள். சித்தப்பாவின் வத்தையில் ஏற்றி ஆண் கடலுக்குள் கொண்டுபோய் ஒரு காலிப் பீப்பாயைத் தண்ணீரில் தள்ளிவிடுகிறோம், அது எப்படிப் புரள்கிறது என்று ஒரு மணி நேரம் படம் பிடித்துக்கொள்ளுங்கள். காசு வேண்டாம். டீசல் மட்டும் உங்கள் செலவு. இதைச் சித்தப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.