கம்பு சுற்றுமா, தலை சுற்றுமா?

நடுவர் அவர்களே, இரண்டு அணிப் பேச்சாளர்களே, அம்மன் கொடைக்கு வந்து பதினொன்றரை மணிக்கும் மணலில் துண்டை விரித்து உட்கார்ந்திருக்கிற பெரியவர்களே, தாய்மார்களே, வணக்கம். நடுவர் ஏற்கனவே ஒருமுறை மணியைத் தொட்டுப் பார்த்துவிட்டார். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

தற்காப்புக் கலைப் பயிற்சி பள்ளிப் பருவத்தோடு போதுமா, வாழ்நாள் முழுக்க வேண்டுமா? இதுதான் தலைப்பு. வாழ்நாள் முழுக்க வேண்டும் என்பது எங்கள் கட்சி. எனக்கு முன்னால் பேசிய வங்கி மேலாளர் அண்ணன் இருபது நிமிடம் பேசினார். பத்தொன்பது நிமிடம் நன்றாகத்தான் பேசினார். மிச்சம் ஒரு நிமிடத்தில் என் பக்கம் கையை நீட்டி, "இந்தத் தங்கச்சி ஐம்பது வயதில் சிலம்பம் பழகுதாம். சுற்றுவது கம்பா, தலையா?" என்று கேட்டார்.

நீங்கள் எல்லாரும் கைதட்டினீர்கள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். முன்வரிசையில் என் வீட்டுக்காரரும் தட்டினார். முதலில் அவர் கணக்கைத் தீர்த்துவிட்டு அப்புறம் அண்ணனிடம் வருகிறேன்.

என் வீட்டுக்காரர் கல்லூரிக் காலத்தில் கராத்தே பழகியவர். பிரவுன் பெல்ட். சான்றிதழ் எங்கள் கூடத்தில் தொங்குகிறது. எங்கள் கல்யாணப் படத்தைவிட அதன் ஃபிரேம் பெரிது. பெண் பார்க்க வந்த அன்றைக்கு என் மாமியார் முதலில் சொன்னதே, "பையன் கராத்தே படிச்சவன்" என்பதுதான். என் அப்பா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இப்பவும் பழகுறீகளா மாப்பிள்ளை?" என்று கேட்டார். "அதெல்லாம் காலேஜோட முடிச்சாச்சு மாமா." அப்பா ஒன்றும் சொல்லவில்லை. டம்ளரை மறுபடி எடுத்துக்கொண்டார்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி, மணி இரண்டு இருக்கும். கொல்லைப்புறத்தில் டமார் என்று ஒரு சத்தம். இவர் எழுந்தார். லுங்கியை மடித்துக் கட்டினார். "நீ வராதே, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். ஆகா, எத்தனை வருடம் காத்திருந்து கேட்ட வார்த்தை! கதவைத் திறந்தார். இருட்டு. இரண்டு கையையும் முன்னால் வைத்து, காலை அகட்டி நின்றார். தோரணையில் ஒரு குறை சொல்ல முடியாது. மறுபடி சத்தம். "ஹேய்ய்!" என்று கத்திக்கொண்டு ஓங்கி ஓர் உதை விட்டார்.

உதை ஆட்டுரலில் விழுந்தது.

பின்னால் இருக்கிறவர்களுக்குக் கேட்கவில்லையாம், இன்னொரு தடவை சொல்கிறேன். உதை... ஆட்டுரலில்... விழுந்தது. எங்கள் மாமியாருக்கு அவருடைய மாமியார் கொடுத்த ஆட்டுரல். இவர் அலறின அலறலில் தெரு விளக்கெல்லாம் எரிந்துவிட்டது. அதற்குள் பதின்மூன்று வயது என் மகள் சிலம்பக் கம்போடு இறங்கி வந்தாள். அப்போது அவள் இரண்டு வருடமாக வாரம் நான்கு நாள் பழகிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்று முதலில் பார்த்தாள். கம்பு நுனியால் தரையில் தட், தட் என்று இரண்டு தட்டு. வாளிக்குப் பின்னாலிருந்து ஒரு பெருச்சாளி ஓடியது. அவ்வளவுதான்.

கதை அதோடு முடியவில்லை. மறுநாள் காலையில் பால்காரரிடம் இவர் சொன்னார்: "ஏதோ உருவம் மாதிரி தெரிஞ்சது." அலுவலகத்தில் கேட்டபோது அந்த உருவம் ஓர் ஆள் ஆகிவிட்டது. சென்னையிலிருந்து மச்சினர் போன் செய்தபோது இரண்டு ஆள், ஒருவன் கையில் அரிவாள். போன மாதம் தூத்துக்குடியில் ஒரு கல்யாணப் பந்தியில் மூன்று பேர் ஆகிவிட்டார்கள். பக்கத்து இலையில் இருந்த நானே பயந்துபோய், "ஐயோ, அப்போது நான் எங்கே இருந்தேன்?" என்று கேட்டேன். பெருச்சாளி மட்டும் எந்தக் கதையிலும் வரவில்லை, பாவம்.

சிரியுங்கள். ஆனால் நடுவர் அவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். அவர் பழகியது பொய்யில்லை. தோரணை சரி, கத்தல் சரி. மூளைக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது, காலுக்கு இல்லை. ஆறு வாரம் மாவுக்கட்டு.

சரி, இப்போது அண்ணனிடம் வருகிறேன். கம்பா, தலையா? அண்ணா, முதல் வாரம் சுற்றியது தலைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆட்டுரல் சம்பவத்துக்கு அடுத்த மாதம் மகள் பழகுகிற இடத்திலேயே நானும் போய் நின்றேன். ஆசான் கம்பைத் தரவே இல்லை. முதல் மாதம் முழுக்கக் காலடி. முன் வை, பின் வை, திரும்பு. சேலைக்காரி சுடிதாருக்கு மாறி, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு திரும்பத் திரும்பக் காலடி. இரண்டாம் மாதம்தான் நெற்றி உயரத்துக்குக் கம்பு வெட்டிக் கொடுத்தார். மூன்றாம் நாளே அந்தக் கம்பு என் காதில் விழுந்தது. என் கம்பு, என் கை, என் காது. வேறு யாரையும் குறை சொல்ல வழியில்லை.

நான்காம் மாதம் தலை நின்றது, கம்பு சுற்ற ஆரம்பித்தது. அப்புறம் மகளுக்குப் பரீட்சை, வீட்டில் ஒரு விசேஷம் என்று நாற்பது நாள் போகவில்லை. திரும்பப் போன அன்றைக்கு என்ன சுற்றியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஆமாம், தலைதான்! அண்ணா, நீங்கள் கேட்டது எனக்கு எதிரான கேள்வி இல்லை. விடாமல் பழகினால் கம்பு சுற்றும், விட்டால் தலை சுற்றும். இருபது நிமிடத்தில் எங்கள் கட்சிக்கு நீங்கள் செய்த ஒரே உதவி அது.

வயதைச் சொன்னீர்களே, பக்கத்துக் கேரளத்தில்தான் வடகரை என்கிற ஊர் இருக்கிறது. அங்கே மீனாட்சி அம்மா ஏழு வயதில் களரி என்கிற கேரளத் தற்காப்புக் கலையில் இறங்கியவர். 2017இல் பத்மஸ்ரீ வாங்கியபோது எழுபதைத் தாண்டியிருந்தார். அப்போதும் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு வாளும் கேடயமுமாக நின்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவரிடம் போய் இந்தக் கேள்வியைக் கேளுங்கள் அண்ணா. அன்றைக்கு யாருக்குத் தலை சுற்றுகிறது என்று பார்க்க இந்த ஊரே வண்டி வைத்துக்கொண்டு வரும்.

பள்ளியிலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள், அது போதும் என்றார். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படிக்கிற பெண் பிள்ளைகளுக்கு ராணி லட்சுமிபாய் பெயரில் தற்காப்புப் பயிற்சித் திட்டம் இருக்கிறது. 3 மாதப் பயிற்சி. நல்ல திட்டம், இன்னும் நிறையப் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரவேண்டும். ஆனால் ஏழாம் வகுப்பில் மூன்று மாதம் பழகிய பிள்ளை, இருபத்து மூன்று வயதில் வேலை முடிந்து ராத்திரி பத்து மணிக்குப் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போது, பின்னால் ஒரு பைக் மெதுவாக வருகிறது என்று வையுங்கள். அந்த நேரத்தில் நோட்டைப் புரட்ட முடியுமா? பயம் வந்தால் கை நடுங்கும், வாய் உலரும். அப்போது உடம்பு அதற்குப் பழகினதை மட்டும்தான் செய்யும். எங்கள் ஆசான் சொல்லித்தருகிற முதல் தற்காப்பே ஓட்டம்தான். அந்த ஓட்டத்துக்கும் பழகின கால் வேண்டும்.

திருப்பி அடித்தால் கேஸ் ஆகிவிடும் என்றும் பயமுறுத்தினார். நம் நாட்டுக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை தற்காப்பு உரிமைக்கே எழுதிவைத்த பிரிவுகள். தற்காப்புக்கு எவ்வளவு தேவையோ அதற்கு மேல் தீங்கு செய்யக்கூடாது என்பது அதில் நிபந்தனை. அந்த அளவு யாருக்குத் தெரியும்? பழகாதவன் பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு போடுவான். சிலம்பப் போட்டியில் கம்பு நுனி உடம்பைத் தொட்டாலே புள்ளி. தொடுகிற இடத்தில் நிறுத்தத்தான் வருடக்கணக்காகப் பழகுகிறோம். தடி எடுத்தவன் எல்லாம் தண்டல்காரன் ஆவது தடியைப் பழகாததால்தான் என்பேன்.

மணி அடித்துவிட்டார்கள். ஒரே ஒரு விஷயம், நடுவர் அவர்களே. இது தலைப்புக்குள் வருமா என்று எனக்கே தெரியவில்லை.

என் அப்பா கம்பு விளையாடியவர். கொல்லையில் தினமும் விடியற்காலம் என் தம்பிக்குச் சொல்லிக்கொடுப்பார். தண்ணீர்ச் செம்போடு படியில் உட்கார்ந்திருப்பது என் வேலை. நானும் வரட்டுமா என்று ஒரே ஒருநாள் கேட்டேன். "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு?" என்றார். திட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். தம்பி வேலை கிடைத்து வெளியூர் போனதோடு விட்டுவிட்டான். அப்பா விடவில்லை. எழுபத்தாறு வயதுவரை, ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்தக் கொல்லையில் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தார்.

அப்புறம் ஞாபகம் போக ஆரம்பித்தது. முதலில் சாமான் வைத்த இடம், பிறகு நாள், கிழமை, பிறகு ஆட்கள். அம்மா இறந்தது மறந்துபோய் சாப்பாட்டுக்கு அவளைக் கூப்பிடுவார். என்னைப் பார்த்து, "நீங்க எந்த ஊரு?" என்று கேட்டார்.

போன ஆடியில் பயிற்சி முடிந்து கம்பும் கையுமாக அப்படியே அவரைப் பார்க்கப் போயிருந்தேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் கம்பையே பார்த்தார். கொடுத்தேன். சட்டைப் பொத்தான் போடத் தெரியாத கை அது. எழுந்து, கம்பைத் தரையில் தொட்டுக் கண்ணில் ஒற்றி, குருவணக்கம் செய்து, சலாம் வரிசை எடுத்தார். ஒரு காலடி பிசகவில்லை.

முடித்துவிட்டுக் கம்பை என்னிடம் நீட்டினார். நான் வாங்கி நின்றேன். காலைப் பார்த்தார். தம்பி பேரைச் சொல்லி, "ஏலே, இடது காலை முன்னால வையி. எத்தன தடவ சொல்லுறது?" என்றார்.

நான் தம்பி இல்லை அப்பா என்று சொல்லவில்லை. இடது காலை முன்னால் வைத்தேன்.

வணக்கம்.